ஜானட் கொடுத்த கைமாத்து

எங்கள் வீட்டுக்கும் ஜானட் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். எந்தப் புண்ணியவான் எதற்காக வைத்தானோ தெரியாது, அதில் காற்றும் வராது, வெளிச்சமும் வராது. கைமாத்து மட்டும் வரும். அரை டம்ளர் சர்க்கரை, ஒரு துண்டு இஞ்சி, கேஸ் சிலிண்டர்காரன் வந்து நிற்கும்போது குறைகிற முந்நூறு ரூபாய், எல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் போகும், வரும். கைமாத்துக்கு வட்டி கிடையாது, எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. கேட்டால் கொடுக்க வேண்டும், சொன்ன நாளில் திருப்ப வேண்டும். ராயபுரத்தில் ஒருவனைக் குடிகாரன் என்று சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே போவான். கைமாத்து வாங்கி ஏப்பம் விட்டவன் என்று சொல்லிப் பாருங்கள், சட்டையைப் பிடித்துவிடுவான்.

இந்த ஒரு வார்த்தை ஜானட்டை ஜெயில் வாசல் வரைக்கும் இழுத்துப் போகும் என்று யார் கண்டது?

என் பெயர் கௌசர். ரவிக்கை தைக்கிறேன். என் வீட்டுக்காரர் கமால் ஆட்டோ ஓட்டுகிறார். இந்தக் கதையைச் சொல்ல உனக்கு என்ன வந்தது என்று கேட்டால், அந்த நாட்களில் ஜானட்டோடு போய் வந்தவள் நான்தான். அவளுடைய சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் வேறு வேலை வந்துவிட்டது, பாவம்.

ஜானட் பயந்த சுபாவம். எதிரே போலீஸ்காரர் வந்தால் ஒரு தப்பும் செய்யாமலே ஓரமாக ஒதுங்குவாள். அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அவரைப் பார்த்துப் பயந்தாள். அப்புறம் ஃப்ரெடியைக் கட்டிக்கொண்டாள். ஃப்ரெடி தங்கமான மனுஷன், அவரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அதனால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தாள். அப்படியே ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், நெஞ்சு அடைக்கிற மாதிரி கீது என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அப்போது அவர்கள் மகள் ஜூடி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ரெடி வேலை பார்த்த அரசு அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் ஜானட்டுக்கு வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. துறைமுகத்தை ஒட்டி வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன குடோன்கள் இருக்கின்றன அல்லவா, அதில் சிலதை வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடுகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாச வாடகையைக் கவுண்டரில் ரொக்கமாக வாங்கி, ரசீது போட்டு, இரும்புப் பெட்டியில் வைத்து, பாங்கில் கட்டுவது ஜானட்டின் வேலை. கட்டடம் வெள்ளைக்காரன் கட்டியது, பெட்டி அவன் கொண்டுவந்தது, பெட்டியைத் திறக்கிற சட்டமும் அவன் போட்டதுதான். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி காசாளரிடம், இன்னொன்று மேலே இருக்கிற கண்காணிப்பாளரிடம். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். யாரையும் நம்பாத ஜாதி வெள்ளைக்காரன்.

நம் ஆட்கள் அப்படியா? கண்காணிப்பாளர் ராசையா தன் சாவியையும் ஜானட்டிடமே கொடுத்துவிட்டார். "நீ வேற நான் வேறயாம்மா? சும்மா சும்மா என்ன எழுப்பாத, நீயே வச்சிக்கோ" என்றார். ராசையாவும் ராயபுரத்துக்காரர்தான். ஃப்ரெடி செத்தபோது அடக்கச் செலவுக்குக் கைமாத்து கொடுத்தவர். ஜானட்டின் வேலைக்காக அவளுடைய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்தவர். அவர் சாவியைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவள் இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டி, கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் அவர் கவுண்டர் பக்கம் வந்து குனிந்து, "ஜானட்மா, ஒரு கைமாத்து" என்பார். பெட்டியிலிருந்துதான். ஐயாயிரம், பத்தாயிரம். சொன்ன நாளில் சத்தியமாகத் திருப்பிவிடுவார். பணம் பாங்குக்குப் போவது ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். முதல் தடவை கொடுத்த அன்று ஜானட் ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னாள், யார் காதிலாவது விழுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. எத்தனை முறை கொடுத்தாலும் அந்தப் பயம் போகவில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

போன வருஷம் ராசையா தன் மகளுக்கு வீடு லீசுக்கு எடுக்க வேண்டுமென்று இரண்டு லட்சத்துச் சொச்சம் வாங்கினார். முதல் தேதி தருகிறேன் என்றார். முதல் தேதிக்கு முன்னால் மேலிடத்திலிருந்து திடீர்ச் சோதனைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானமே ஜானட் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜன்னலில் பார்க்கிறேன், சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். "இன்னாக்கா ஆச்சு?" என்றேன். நான் ஓடிப்போய் உலுக்கினேன்.

"ரெண்டு சாவியும் என் பையிலதான் இருந்துச்சு கௌசரு. அவங்களே எடுத்தாங்க. பொட்டியத் தொறந்தாங்க. பணம் கொறையுது. எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருந்தாங்க."

"ராசையா இன்னா சொன்னாரு?"

"அவரும்தான் என்னையே பாத்துக்கினு இருந்தாரு."



சஸ்பெண்ட் உத்தரவு மறுநாளே வந்தது. பணத்தைக் கட்டாவிட்டால் போலீஸில் புகார் என்றும் வாய் வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்கள். ராசையா போன் செய்து, "நீ மொதல்ல கட்டிடும்மா, பிரச்சனை அடங்கட்டும், நான் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்" என்றார். ஜூடிக்கென்று சேர்த்து வைத்திருந்த நகையை எல்லாம் அடகு வைத்துக் கட்டினாள். நான் வேண்டாம் என்று கத்தினேன். பயந்தவர்கள் காதில் எதுவும் ஏறாது. சந்தில் ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துவாள், கூரியர் பையன் பெயரைக் கூப்பிட்டால் பாத்ரூமுக்குள் போய்விடுவாள். மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போவதையும் நிறுத்திவிட்டாள். வரிசையில் நின்றால் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்றாள். பேசவும்தான் செய்தார்கள்.

விசாரணைக்கு அறிவு என்று ஓர் அதிகாரி வந்தார். அதே பழைய கட்டடத்தில் மாடி அறை. என்னை உள்ளே விடுவார்களா? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அறைக்கு ஸ்பிரிங் வைத்த அரைக்கதவு. உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும், ஆனால் கதவுக்குக் கீழே கால்கள் மட்டும்தான் தெரியும். ஜானட் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனாள். விசாரணைக்குப் போகிறவள் கோயிலுக்குப் போகிற மாதிரி போகிறாளே என்று எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் என்ன எரிச்சல், பயம்தான்.

அந்த அதிகாரி அதட்டவில்லை. அதட்டியிருந்தால் கூடத் தேவலை. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாகப் பேசினார்.

"பணத்தை நீங்க எடுத்தீங்களாம்மா?"

"இல்ல சார். கைமாத்தா குடுத்தேன் சார்."

"யாருக்கு?"

ராசையாவின் பெயரைச் சொன்னாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவர் வாங்கலைன்னு எழுதிக் குடுத்திருக்காரும்மா. சாவி ரெண்டும் உங்க பையில இருந்துச்சு. சரி, நீங்க எடுக்கலைன்னா பணத்த ஏன் கட்டினீங்க?"

ஜானட்டின் கால் விரல்கள் தரையைப் பிடிக்கிற மாதிரி மடங்கின. கட்டினால் தப்பிக்கலாம் என்று கட்டியதே அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் தட்டெழுதிய காகிதம் வந்தது. அதிகாரி படித்துக் காட்டினார். "அரசுப் பணத்தை நான் தற்காலிகக் கையாடல் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்."

"நான் கைமாத்துன்னுதான சார் சொன்னேன்?"

"அந்த வார்த்தைக்கு ஆபீஸ்ல எடம் இல்லம்மா. அரசாங்கப் பணத்த வெளிய எடுத்தா, ஒரு நாள் கழிச்சித் திருப்பி வச்சாலும் அதுக்கு இதுதான் பேரு."

"கையாடல்னா திருட்டுதான சார்?"

"கையெழுத்துப் போடுங்க."

அவள் போடவில்லை. தைரியத்தினால் இல்லை, கை ஓடவில்லை. நாளைக்கு வருகிறேன் சார் என்று கெஞ்சினாள். சரி, நாளைக்கு ராசையாவையும் நேரில் வைத்து முடித்துவிடலாம் என்றார் அவர். கையெழுத்துப் போட்டால் வேலையும் போய், கேஸும் வரும் என்று கீழே பியூன் ஒருவர் கமாலிடம் சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் வரும்போது கமால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இந்த மனுஷனுக்கு எப்போதுமே எங்கே எதைச் சொல்வது என்று தெரியாது.

அன்று சாயங்காலம் ராசையாவே ஜானட் வீட்டுக்கு வந்தார். கையில் ஸ்வீட் டப்பா. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன், மூச்சு விடாமல். முதலில் ஃப்ரெடியின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். காபி வேண்டாம் என்றார். குரலில் கோபமே இல்லை.

"ஜானட்மா, என் பேரு நாளைக்கு வரக்கூடாது. எனக்கு ரிட்டயர்மெண்ட் கிட்ட வந்துகினு கீது. உனக்கே தெரியும், ஒனக்கு இந்த வேலை யாரால வந்துச்சின்னு."

"நான் இன்னா சார் பண்ணட்டும்? கையெழுத்துப் போட்டா ஜெயிலுன்றாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கறேன்." கிளம்ப எழுந்தார். பிறகு, "ஜூடி காலேஜு மணலி தாண்டித்தான போவுது? பஸ்ஸ வுட்டு எறங்கி ரோட்ட தாண்டணும் இல்ல? அந்தப் பக்கம் டேங்கர் லாரிங்க கண்ணு மண்ணு தெரியாம வருதுங்கோ. பொண்ண ஜாக்கிரதையா போவ சொல்லு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கவலைப்பட்டுச் சொன்ன மாதிரிதான் சொன்னார். அவர் போன பிறகு ஜானட் ஸ்வீட் டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டாள். பிறகு அதையும் பயந்து, திரும்ப எடுத்து மேடையில் வைத்தாள். ஜூடி வந்ததும், நாளைக்கு நீ காலேஜ் போக வேண்டாம் என்றாள். பரீட்சைம்மா என்று அந்தப் பெண் அழுதது. கமால் தன் ஆட்டோவிலேயே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஜானட் சம்மதித்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டுடறேன் கௌசரு" என்றாள் என்னிடம். "திருடின்னு பேரு வந்தா வரட்டும். எம்பொண்ணு உசுரோட இருந்தாப் போதும்." நான் அழுதுவிட்டேன். வேறு என்ன செய்வது, சொல்லுங்கள்?

மறுநாள் மறுபடியும் அதே வராந்தா. மாசக் கடைசி, வாடகை கட்ட வந்த வியாபாரிகள் பத்துப் பதினைந்து பேர் மாடிப்படி வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் ஆட்கள், பாதிப் பேர் ராசையாவுக்கு மாமு மச்சான் முறை. அரைக்கதவுக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. ஒரு ஜோடி ஜானட்டின் வெறுங்கால். இன்னொரு ஜோடி, பாலிஷ் போட்ட ராசையாவின் ஷூ.

"கடைசியா கேக்கறேன் சார்" என்றார் அதிகாரி. "இந்தம்மாகிட்ட நீங்க பணம் வாங்கினீங்களா?"

"சேச்சே. நான் எதுக்கு சார் வாங்கணும்? புருசன் இல்லாத பொம்பள, ஏதோ கஷ்டம், கை நீட்டிட்டா. பெருசு பண்ணாம வுட்டுடுங்கன்னு நானே கேட்டுக்கறேன்."

பேனாவை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. போடுங்கம்மா என்றார் அதிகாரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் ஜானட்டின் குரல் வந்தது. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. ஜன்னலில் என்னிடம் பேசுகிற குரல்.

"சார், எங்க வூட்டுக்காரரு அடக்கத்துக்கு நீங்க கைமாத்து குடுத்தீங்க. மொத சம்பளத்துல நான் திருப்பிக் குடுத்தேன். குடுத்தனா இல்லியா சார்?"

"அது எதுக்கு இப்போ?" என்றார் ராசையா.

"நான் கையெழுத்துப் போட்டுடறேன் சார். உங்க பேர நான் இனிமே சொல்லல. ஆனா கைமாத்து வாங்கினு இல்லைன்னு சொல்றீங்களே சார், இத நான் எங்க போயி சொல்லுவேன்? அந்தக் கெட்ட பேரு உங்களுக்கு வந்துடுச்சே சார், அதான் எனக்கு..."

திட்டமிட்டுச் சொன்னாள் என்று பின்னால் சில பேர் சொன்னார்கள். அவளுக்கா திட்டம்? அவள் நிஜமாகவே அந்த மனுஷனுக்காக வருத்தப்பட்டாள். அதுதான் அவரைக் குத்திவிட்டது. படியில் நின்ற ஆட்கள் எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். உள்ளே நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"இன்னாம்மா, வாய்க்கு வந்தத பேசிக்கினு கீற? ராசையா எவன்கிட்ட வாங்கின கைமாத்த தராம கீறான்? ஊரே நிக்கிது, கேட்டுப் பாரு. பொங்கலுக்கு வாங்கனத குடுத்தனா இல்லியா? ஆடிக்கு வாங்கனத சொன்ன தேதிக்கு மின்னாடியே குடுத்தனா இல்லியா? இதயும் மொத தேதி தரேன்னுதான சொன்னேன்? அதுக்குள்ள செக்கிங் வந்துட்டா நான் இன்னா பண்ணட்டும்?"

படியில் ஒருத்தர் இருமினார்.

"இதயும்னா எத சார்?" என்றார் அதிகாரி, அதே மெதுவான குரலில்.

பாலிஷ் போட்ட ஷூ ஒரு அடி பின்னால் போனது. திருடன் என்று அவரைச் சொல்லியிருந்தால் நாள் பூராவும் இல்லை இல்லை என்று சாதித்திருப்பார், அதற்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார். கைமாத்து தராதவன் என்ற பேச்சை இத்தனை பேர் காதில் விழும்படி கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. எங்கள் ஊர் ஆள் அல்லவா?

இதோடு எல்லாம் சுபம் என்று நீங்கள் நினைத்தால் அரசாங்கத்தை உங்களுக்குத் தெரியாது. ராசையாவை சஸ்பெண்ட் செய்தார்கள், பணத்தை அவரிடமிருந்து வசூலித்தார்கள், ஜானட் கட்டிய பணம் ரொம்ப நாள் இழுத்தடித்துத் திரும்பி வந்தது, நகை மீண்டது. ஜெயிலும் இல்லை. ஆனால் சாவி இரண்டையும் வைத்திருந்ததும் அரசுப் பணத்தைக் கொடுத்ததும் குற்றம்தான் என்று ஜானட்டின் சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள். இனி பணத்தைத் தொடக்கூடாது என்று எர்ணாவூர் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றித் தபால் உறை ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். அந்த உத்தரவை அவள் எனக்குக் காட்டினாள். "கைமாத்து என்ற பெயரில் செய்யப்பட்ட தற்காலிகக் கையாடல்" என்று போட்டிருந்தது. இடமில்லை என்று சொன்ன வார்த்தைக்கு இடம் கொடுத்துத்தான் இருந்தார்கள், கையாடலுக்குப் பக்கத்திலேயே.

ஜூடி பரீட்சை எழுதி முடித்தாள். ஆனாலும் அவள் பஸ்ஸில் ஏறினதும் ஒரு போன், இறங்கினதும் ஒரு போன், ரோட்டைத் தாண்டினதும் ஒரு போன். ராசையா அதற்கப்புறம் எங்கள் சந்துப் பக்கமே வரவில்லை. வராத ஆளுக்கும் ஜானட் பயந்துகொண்டுதான் இருக்கிறாள்.

போன வாரம் கேஸ்காரன் வந்து நின்றான். என்னிடம் முந்நூறு ரூபாய் குறைந்தது. பழக்க தோஷம், ஜன்னலைத் தட்டினேன். "ஜானட்டக்கா, ஒரு முந்நூறு ரூவா கைமாத்து குடேன். ரவிக்கைக் காசு வந்ததும் தரேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜன்னலிலிருந்து சட்டென்று விலகினாள். உள்ளே போனாள். பணத்தோடு வந்தாள். பணத்தை நீட்டவில்லை. ஜூடியின் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளையும் பேனாவையும் முதலில் ஜன்னலில் வைத்தாள்.

"எழுதிக் குடு கௌசரு."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் இந்த ஜன்னலில் ஒரு எழுத்து போனதில்லை. போக்கா, உன் காசும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் கையைப் பார்த்தேன். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது, அப்படியும் நடுங்கியது. பேனாவை எடுத்து, ஜானட்டிடம் முந்நூறு ரூபாய் வாங்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் படித்தாள். திரும்ப என்னிடமே நீட்டினாள்.

"கைமாத்துன்னு போடு" என்றாள். "அந்த வார்த்தைய நீ எழுதினாத்தான் எனக்கு பயம் இல்ல."

போட்டுக் கொடுத்தேன். அவள் அதை மடித்து ஃப்ரெடியின் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து, என் கையில் பணத்தைக் கொடுத்தாள்.